பெனடிக்டா போட்ட கோடு

துப்புவதென்றால் கோட்டுக்கு வெளியேதான் துப்புவாள் பெனடிக்டா. ரக்பி மைதானத்தின் ஓரமாகக் கோடு போடக் கயிற்றை இழுத்துப் பிடித்து நடந்துகொண்டிருப்பாள். வாய் நிறையப் பாக்கு. அந்த நேரம் பார்த்து எவனாவது வந்து ஏதாவது கேட்பான். கயிற்றை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, இடுப்பை மட்டும் வெளிப்பக்கம் வளைத்து, வாயைக் காலி செய்துவிட்டுத்தான் பதில் வரும். "உள்ள துப்புனா பூமிக்கு ஆகாது. பந்தும் வழுக்கும்" என்பாள். இதில் எது மெய்யான காரணம் என்று கெந்தோமாவில் யாரும் ஆராய்ந்ததில்லை.

பப்புவா நியூ கினியின் மலை நெடுஞ்சாலையில், லாரிக்காரர்கள் மூத்திரம் பெய்ய நிறுத்தும் ஊர் கெந்தோமா. தேவாலயத்துக்கும் மைதானத்துக்கும் ஒரே மணிதான். சாமியாருக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் சனிக்கிழமை அவரும் மைதானத்தில்தான் இருப்பார். புல் வெட்டுவது, கம்பம் நடுவது, கோடு போடுவது, மைதானத்துக்குள் வரும் பன்றிகளை அவற்றின் சொந்தக்காரர்களின் பெயரைச் சொல்லித் திட்டி விரட்டுவது எல்லாம் பெனடிக்டாவின் வேலை.

செத்துப்போன அவள் புருஷன் நீலக் கட்சி. அவள் சிவப்புக் கட்சி. ஆஸ்திரேலியாவில் இரண்டு மாநிலங்கள் நீலச் சட்டையும் சிவப்புச் சட்டையுமாக ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் ரக்பி ஆட்டங்களுக்காக இந்த மலையில் குடும்பங்கள் பிரிவது சகஜம். அந்த நாட்களில் அவர்கள் வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். புருஷன் இறந்தபோது பெட்டியை மூடுமுன் அவருடைய நீலச் சட்டையை மடித்து மார்பில் வைத்தவளும் அவள்தான். "போற எடத்துலயாவது ஜெயிக்கட்டும்" என்றாளாம்.

அவளுக்கு ஒரே தம்பி, கவாகே. கடற்கரை நகரம் ஒன்றின் அணியில் சம்பளத்துக்கு ஆடுகிறவன். அவனைத் தூக்கி வளர்த்தவள், பந்துக்குப் பதில் சுருட்டிய துணியை அவன் கையில் கொடுத்தவள், அவன் பெரிய ஆட்டம் ஆடி ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. சாலையில் மண்சரிவு இல்லாத வாரம் குலச்சண்டை இருக்கும். இரண்டும் இல்லாத வாரம் பஸ் இருக்காது. அடுத்தவர் செல்போனை இரவல் வாங்கிப் பார்ப்பாள். "எறும்பு மாரி ஓடுறான். எறும்பு மேல எப்படி பாசம் வைக்கிறது?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அந்த எறும்புக்கு முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச காலம்தான் ஆட்டம் என்று சொல்லியனுப்பியிருந்தான். நம் ஊருக்கென்று ஓர் அணி இருந்தால் அந்தக் கொஞ்ச காலத்தையும் அங்கேயே வந்து ஆடித் தீர்த்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தான்.

அப்போதுதான் தலைநகரத்து ரக்பி சங்கத்தார் தேசியப் போட்டியில் புது ஊர்களைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார்கள். கெந்தோமாவும் கை தூக்கியது. ஊர்ச் சேர்மன் டெகே, லாரி முதலாளி, மேடை கண்ட இடமெல்லாம் ஏறினார். சங்கத்தாருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. மலைக்காரர்கள் தங்கள் ஆள் எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தோடு விழுந்து புள்ளி எடுத்தால் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்வார்கள். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விடுவார்கள். பாதி ஆட்டம் மீதி இருக்கும். கூட்டம் கோட்டுக்கு வெளியே நிற்குமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார், அவர் முன்னால் ஒரு வெள்ளோட்ட ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும் என்றார்கள்.

டெகே இரண்டு காரியம் செய்தார். கோடு போடுவதற்கு உயர்ந்த ரக வெள்ளைச் சாயம் வரவழைத்தார். அது வந்த லாரி மண்சரிவுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டது. அடுத்து, அதிகாரி கண்ணில் சிவப்பு எச்சில் படக்கூடாதென்று, மைதானத்துக்குப் பக்கத்தில் ஆட்டத்தன்று ஒருவரும் பாக்கோ சுண்ணாம்போ விற்கக்கூடாது என்று தடை போட்டார்.

விற்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த சந்தைப் பெண்களிடம் போய் நின்றாள் பெனடிக்டா. சாயம் வரவில்லை, கோடு போட ஏதாவது வேண்டும் என்றாள். மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு, கடற்கரையிலிருந்து வந்த பவளச் சுண்ணாம்பு, பாலைப்போல் வெளுப்பு. நம் ஊர் அணிக்கு இதுகூடத் தராமலா என்று சும்மாவே தூக்கிக் கொடுத்தார்கள். மைதானம் முழுக்கக் கோடு போட்டாள். அப்படி ஒரு வெள்ளையை அந்தப் புல் கண்டதில்லை. சுத்தமான சட்டை மாட்டிக்கொள்ள வீட்டுக்குப் போனாள்.

போகாமல் இருந்திருக்கலாம்.

அதற்குள் அதிகாரியைப் பார்க்க ஊர் திரண்டுவிட்டது. மூடுபனியில் அவர் வரும் விமானம் இறங்கத் தாமதம். கூட்டத்தின் மடியில் பாக்கு இருந்தது, வெற்றிலைக்குப் பதில் அங்கே கடித்துக்கொள்ளும் வெற்றிலைக்காய் இருந்தது. தடையின் புண்ணியத்தால் சுண்ணாம்பு மட்டும் இல்லை. சுண்ணாம்பில்லாத பாக்கு மரத்தூள். பெனடிக்டாவின் கொழுந்தன் போமாய், ஊரில் எதையும் முதலில் ருசி பார்ப்பவர், குனிந்து எல்லைக்கோட்டில் விரலை வைத்து நாக்கில் தடவினார். கண்ணை மூடித் திறந்தார். "கடல் சுண்ணாம்பு" என்றார் பயபக்தியோடு. ஆளுக்கொரு கிள்ளுத்தான் எடுத்தார்கள். ஆனால் ஆட்கள் நிறைய.

அவள் திரும்பி வந்தபோது ஒரு பக்கத்து எல்லைக்கோடு முழுதாகக் காணவில்லை. ஊர் மொத்தமும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தது.

"கொழுந்தா, வாயத் தெற."

போமாய் தலையை மட்டும் ஆட்டினார்.

"தெறன்னேன்."

திறந்தார். சிவப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் தாங்களாகவே திறந்து காட்டினார்கள். சேர்மன் டெகே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் வாயைப் பற்றி நமக்கு எதற்கு?

பெனடிக்டா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊர் தாங்கியிருக்கும். "எந்தம்பி இந்த மண்ணுல ஓடுறத ஒரு தடவ பாக்கணும்னு இருந்தேன். அத மென்னுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள். மெல்லும் சத்தம் நின்றது. அதிகாரியின் கார் பாலத்தருகே வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள்.

அவள் கயிற்றை எடுத்து, கோடு இருந்த இடத்தில் இறுக்கிக் கட்டினாள்.

"தின்னவங்கள்லாம் வாங்க. கால நீட்டி உக்காருங்க. கட்டவெரல் கயித்த தொடணும். நீங்கதான் இன்னிக்கிக் கோடு."

"அண்ணி, எவ்ளோ நேரம்?" என்றார் போமாய்.

"கோடு பேசுமா?"

உட்கார்ந்தார்கள். தோளோடு தோள், ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை. கயிற்றை உருவிக்கொண்டாள். ஆட்டம் நடந்தது. கெந்தோமாப் பையன் ஒருவன் மூலையில் அவர்கள் காலடியிலேயே பந்தோடு விழுந்து புள்ளி எடுத்தான். வேறு நாளாயிருந்தால் அவனை இந்நேரம் மூன்றாவது கிராமத்தில் தேட வேண்டியிருந்திருக்கும். அன்று ஒருவர் அசையவில்லை. எழுந்தால் கோடு போய்விடுமே. பின்னால் நின்றவர்கள் தாண்டலாமென்றால் தாண்ட வேண்டியதும் அவர்களைத்தான். கண்ணில் நீர் வழிய, கட்டைவிரலை மட்டும் ஆட்டிக் கொண்டாடினார்கள்.

அதிகாரி கெவா என்ற கடற்கரைப் பெண்மணி. இப்படியொரு கூட்டத்தை மலையில் பார்த்ததில்லை என்றார். இந்தப் பக்கத்துக் கோடு எங்கே என்று கேட்டார். டெகே மண்சரிவில் தொடங்கி வரலாறு சொல்ல ஆரம்பித்தார்.

"தின்னுட்டாங்கம்மா" என்றாள் பெனடிக்டா.

கெவா அம்மாள் எதிர்ப்பக்கம் நடந்து போய், மிச்சமிருந்த கோட்டில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கார் ஏறுமுன் இன்னொரு கிள்ளு எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்.

கெந்தோமாவுக்கு இடம் கிடைத்தது. வானொலிக்காரர்கள் வந்து பெனடிக்டாவின் வாயருகே மைக்கை நீட்டியபோது அவள் சந்தைப் பெண்களுக்கு நன்றி சொன்னாள், தின்றவர்களுக்குச் சொன்னாள், நின்றுபோன லாரிக்கும் சொன்னாள். "மண்சரிவுக்கும் ஒரு தேங்க்ஸ். அது சரியலன்னா நாங்க சாதாரணமா கோடு போட்டு, சாதாரணமா உள்ள பாஞ்சு, சாதாரணமா தோத்துருப்போம்." தடை போட்ட சேர்மனுக்கும் நன்றி சொன்னாள். அதைக் கேலி என்று எடுத்துக்கொள்வதா என்று டெகே இன்னமும் முடிவு செய்யவில்லை.

சங்கத்தார் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். ஆட்ட நாளெல்லாம் அந்த அம்மாளே கோட்டருகில் கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்து நின்றால் ஆட்டம் முதுகுக்குப் பின்னால் நடக்கும் என்பது ஊருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவளுக்கு உடனே உறைத்திருக்க வேண்டும். "தம்பி வீட்டுக்கு வந்துட்டான்ல? சாயங்காலம் சோறு போடுறேன்ல? போதும்" என்றாள்.

முதல் ஆட்டத்தன்று கவாகே ஊர்ச் சட்டையில் இறங்கினான். பெனடிக்டா இடுப்பில் கைவைத்துக் கூட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். முகங்களை வைத்தே ஆட்டத்தைப் படித்தாள். புருவம் சுருங்கினால் பந்து கை நழுவியிருக்கிறது. பல் தெரிந்தால் யாரோ நம் ஆளிடம் இடிபட்டிருக்கிறான். ஒரு கட்டத்தில் எல்லா முகங்களும் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் நகர ஆரம்பித்தன. தேய்ந்த முழங்காலின் வேகம் அது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பவில்லை, இரண்டு கையையும் விரித்து நின்றாள். அவள் கண் மட்டும் ஒவ்வொரு முகமாக ஓடியது.

முன்வரிசை கை கோத்துக்கொண்டு, பின்னால் நெருக்கியவர்களை முதுகால் அணைபோட்டு நிறுத்தியது. போமாய், கால் கட்டைவிரலைக் கோட்டில் வைத்தபடியே உடம்பை முன்னால் சாய்த்து, அவள் தோள் இரண்டையும் பிடித்து மைதானத்தின் பக்கம் திருப்பிவிட்டார்.