மருந்தடித்த சுவரில் ஒரு மலை

1. பொங்கலுக்குப் பிந்திய காலை

இரண்டு கிழமைக்கு முன்னர் நாங்கள் நுளம்பு மருந்து அடித்துவிட்டுப் போன சுவரில் ஒரு பெரிய மலை நின்றது. செம்மண்ணாலும் சுண்ணாம்பாலும் அடுப்புக் கரியாலும் கீறிய மலை. சரிவில் வரிசை வரிசையாகத் தேயிலைச் செடிகள், முதுகில் கூடை தொங்கும் பெண்கள், உச்சியில் புகை விட்டபடி ஒரு ரயில். காய்ச்சல் பார்த்துவரப் போன நான் வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டேன். படத்தின் அழகில் மயங்கி நின்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். படத்துக்குக் கீழே ஒரு விரல் தடிப்பில் புதுக் களிமண் பூசியிருந்தது. அந்தக் களிமண்ணுக்குக் கீழேதான் எங்கள் மருந்து கிடந்தது.

வீட்டுக்காரி லெட்சுமியக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சிரித்தார்.

"மூணு நாளா கீறினேன் சார். நல்லா இருக்குங்களா?"

பதில் சொல்ல வாயெடுத்தபோது மூலையில் ஒரு முனகல் கேட்டது. பாயில் அவரது மகள் கமலா சுருண்டு கிடந்தாள். மேலே இரண்டு சாக்கும் ஒரு பழைய சேலையும். அத்தனை போர்வைக்குள்ளும் அவளுக்குப் பல் கிடுகிடுத்தது. எட்டு மாதக் கர்ப்பிணி. தலைப்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மகள் கண் விழிக்கும்போதெல்லாம் பார்க்கட்டும் என்றுதான் தாய் அந்த மலையைக் கீறியிருந்தார்.

 மருந்தடித்த வீட்டுக்குள், இரண்டே கிழமையில், கர்ப்பிணிக்குக் குளிர்காய்ச்சல். அவளது விரலில் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சிலைட்டில் தேய்த்தேன்.

2. நாங்கள் செய்த வேலை

இப்போது வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் தெரியாது. அது தொண்ணூறுகளின் முற்பகுதி, சண்டைக் காலம். கிளிநொச்சியில் தண்டவாளம் பிடுங்கிய ரயில் பாதை வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடந்தது. பெற்றோல் இல்லை, சீமெந்து இல்லை, பற்றரி இல்லை. மலேரியா மட்டும் தாராளமாக இருந்தது. நான் மருந்தடிக்கும் ஸ்பிரே காங்கில் இருந்தேன். முதுகில் பம்ப், கையில் மருந்து பீச்சும் நொசில், வாயைச் சுற்றித் துவாய்த் துண்டு. மலத்தியன் தூளைத் தண்ணீரில் கரைத்து வீடு வீடாக உள்சுவர்களுக்கு அடிப்போம். நாற்றம் ஒரு கிழமைக்கு உடம்பை விட்டுப் போகாது. என் மனைவி என்னை வீட்டுக்குள்ளேயே விடாமல் கிணற்றடிக்கு விரட்டுவா.

அந்த மருந்து வவுனியாவில் இருந்து தாண்டிக்குளம் சோதனைச்சாவடி தாண்டி வருவதற்குள் எங்கள் அலுவலகப் பெரியவர்கள் எத்தனையோ அனுமதிக்கு அலைய வேண்டியிருக்கும். வந்து சேர்ந்தால் கோவில் தேர் வந்ததுபோல இருக்கும். ஒரு தூள் சிந்தினாலும் எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சின்னராசா அண்ணை பத்து நிமிடம் ஏசுவார்.

மாரி மழையோடு இரணைமடுக் குளம் நிரம்பி வாய்க்கால்களும் பள்ளங்களும் வழிந்தால் காய்ச்சல் ஏறும். ஆகவே மார்கழியில் அடித்து முடிக்க வேண்டும். கணக்குச் சரியான கணக்குத்தான். ஆனால் ரயில் பாதைக்கு அப்பால், வாய்க்கால் கரையோரம் இருந்த குடியேற்றத்தில் மார்கழி முடியும்போது என்ன நடக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அங்கே இருந்தவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து கலவரங்களில் அடிபட்டு வந்த சனம். எங்கள் வயல்களில் நாற்று நட்டது அவர்கள், வரம்பு கட்டியது அவர்கள். ஆனாலும் எங்கள் பட்டணத்து வாய்களில் அவர்களுக்கு இருந்த பெயர் "தோட்டக்காட்டார்". அந்தச் சொல்லை இப்போது எழுதவே கூசுகிறது. அந்தக் குடியேற்றம் நான் பிறந்த வீட்டில் இருந்து ஒரு மைல் கூட இல்லை. முதுகில் பம்ப் ஏறும்வரை அந்தப் பக்கம் நான் கால் வைத்ததில்லை.

எங்களுக்குப் பொங்கல் முற்றத்துக் கோலத்தோடு முடிந்துவிடும். அவர்களுக்குப் பொங்கல் சுவரில் தொடங்கும். வீட்டு மண்சுவர் முழுவதையும் புதிதாக மெழுகி, உள்ளும் புறமும் படம் கீறினால்தான் பொங்கல். அதற்கு முந்திய கிழமைதான் நாங்கள் மருந்தோடு போயிருக்கிறோம்.

போன வீடெல்லாம் ஓவசியர் சொல்லித் தந்த வசனத்தைத் திருப்பிச் சொன்னோம்.

"மூண்டு மாதத்துக்குச் சுவரைக் கழுவப்படாது, மெழுகப்படாது, தொடப்படாது. விளங்கிச்சோ?"

"சரிங்க சார்" என்றார்கள். நாங்களும் கதவில் சோக்கட்டியால் தேதியை எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனோம்.

3. நடந்து பார்த்தது

கமலாவின் சிலைட்டை எங்கள் அலுவலகத்து நுண்காட்டியில் பார்த்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"பல்சிப்பாரம். நிறைய இருக்கு. இண்டைக்கே ஆசுப்பத்திரிக்கு ஏத்துங்கோ."

பல்சிப்பாரம் மூளைக்கு ஏறும் மலேரியா. கர்ப்பிணிக்கு வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஆபத்து. வாகனம் இல்லை. அயல்வீட்டு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்தினோம். லெட்சுமியக்கா வண்டிக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடினார். அவரது விரல்களில் செம்மண் காய்ந்திருந்தது.

மற்ற வீடுகள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து வரும்படி ஓவசியர் என்னை அனுப்பினார். ஒழுங்கைகள் சேறாக இருந்ததால் சைக்கிளை ஒரு கடையில் விட்டுவிட்டு நடந்தேன். அந்த நடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஒரு வீட்டில் மயில். அடுத்ததில் மாட்டுவண்டிச் சவாரி. ஒரு சுவரில் மாரியம்மன், கண் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் முழித்துக்கொண்டிருந்தது. பச்சைக்கு இலைச்சாறு, மஞ்சளுக்கு மஞ்சள், நீலத்துக்குச் சலவை நீலம். கடையில் பெயின்ற் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் அந்த ஒழுங்கைகள் திருவிழாப் போல இருந்தன. பெரும்பாலான வீடுகளில் மலை. வன்னியில் எந்தத் திசையில் பார்த்தாலும் தரைதான். அங்கே சுவருக்குச் சுவர் மலை. ஒரு பொடிச்சி தன் உயரத்துக்கு ஒரு குட்டி மலை கீறிக்கொண்டிருந்தாள்.

"நீ மலை பாத்தனியோ?" என்று கேட்டேன்.

"நா இங்கதான் பொறந்தேன். அம்மா பாத்திருக்கு" என்றாள்.

பட்டணத்தில் இருக்கும் எனக்கு இப்படி ஒரு இடம் பக்கத்தில் இருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒரு பக்கம் வியப்பு. மறுபக்கம் ஒவ்வொரு சுவரிலும் நகத்தை அழுத்திப் பார்க்கப் பார்க்கப் பயம். நகம் ஈரக் களிமண்ணில் இறங்கியது. மயிலுக்குக் கீழேயும் மருந்து புதைந்திருந்தது, அம்மனுக்குக் கீழேயும் புதைந்திருந்தது. பாயில் படுத்துக் கிடந்தவர்களையும் கண்டேன். அன்று நான் எடுத்துப்போன சிலைட்டுகள் முடிந்துவிட்டன.

குடியேற்றத்தின் கடைசியில், கடற்கரையோரத்தில் இருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் கொட்டில்கள் இருந்தன. பின்னிய தென்னோலைக் கிடுகில் கீற முடியாது. அவர்கள் பழைய உரப்பையை வெட்டி விரித்துக் கட்டி அதில் கரியால் வள்ளம் கீறியிருந்தார்கள். வீட்டை விட்டுவிட்டு வந்த மனிதர் முதலில் ஒரு சுவரைத் தேடிக் கீறுவார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

4. ஓவசியரும் பூதமும்

நான் சொன்னதைக் கேட்ட சின்னராசா அண்ணை கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"என்ன கதை கதைக்கிறாய்? மருந்தடிச்ச வீட்டுக் கவறேஜ் நூறு வீதமெண்டு மேலை அனுப்பியாச்சு!"

"சுவரிலை மருந்து இல்லை அண்ணை. எல்லாம் மண்ணுக்குள்ளை."

"படிச்சுப் படிச்சுச் சொன்னனாங்கள் தானே? கேளாத சனம். இனிப் படம் கீறுற வீட்டுக்கு நிவாரணத்தை வெட்டச் சொல்லுறன். அப்ப தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காய்ச்சலில் கிடக்கிற சனத்தின் அரிசியையும் வெட்டுவதா? அதுவரை அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வாய் தானாகத் திறந்தது.

"வெட்ட முதல் ஒருக்கா வந்து நடந்து பாருங்கோ அண்ணை. சைக்கிள் வேண்டாம்."

என்ன நினைத்தாரோ, வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, சேற்றை ஏசிக்கொண்டு நடந்தார். பத்துப் பன்னிரண்டு வீடு தாண்டியதும் ஒரு சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார். கரியால் கீறிய உருவம். மூக்கும் வாயும் இல்லாத முகம், முதுகில் பெரிய கூன், கையில் நீண்ட குழாய், அதில் இருந்து வெள்ளைப் புகை. காலடியில் நாலைந்து கோழிகள் மல்லாந்து கிடந்தன.

"இதென்ன, பூதமோ?" என்று கேட்டார்.

வாசலில் நின்ற சிறுமி சிரிக்காமல் சொன்னாள்.

"இல்ல. மருந்து மாமா. நீங்க வந்துட்டுப் போனா கோழி சாவும்."

பூச்சி செத்து விழ, அதைத் தின்னும் கோழியும் சாகும். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சனத்தின் கண்ணுக்கு நாங்கள் எப்படித் தெரிகிறோம் என்பதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். அண்ணை சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.  நிவாரணத்தை வெட்டும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை.

5. லெட்சுமியக்காவின் சுவர்

ஆசுப்பத்திரியில் கமலாவுக்குக் குயினைன் ஏற்றினார்கள். இரண்டு நாள் நினைவில்லை. மூன்றாம் நாள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதைக் கேள்விப்பட்டதும் நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அன்று பின்னேரமே வலி கண்டது. பிள்ளை இறந்து பிறந்தது. பெண் பிள்ளை.

செய்தி வந்தபோது நான் பம்ப் கழுவிக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நாங்கள் அடித்த வீடு. நாங்கள் தேதி எழுதிய கதவு. எத்தனை தரம் சொல்லிப் பார்த்தாலும் என்னால் அதை விழுங்க முடியவில்லை.

சில மாதம் கழித்து அடுத்த றவுண்டு மருந்தடிக்கும் நாள் வந்தது. லெட்சுமியக்கா வீட்டுக்குப் போன அன்று பம்பை வேலிக்கு வெளியே வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனேன். கமலா புருசன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். உள்சுவரில் மலை இல்லை. லெட்சுமியக்கா அதை மண்வெட்டியால் சுரண்டி எடுத்திருந்தார். முற்றத்து மூலையில் செம்மண்ணும் சுண்ணாம்பும் கலந்த ஒரு குவியல் கிடந்தது.

"அடிங்க சார். இனிமே ஒண்ணும் பூச மாட்டேன்" என்றார்.

"அடிக்க வரேல்லை அக்கா. கேக்க வந்தனான். உள்சுவரை எங்களுக்குத் தாங்கோ. வெளிச்சுவர் முழுக்க நீங்கள் கீறுங்கோ. என்ன சொல்லுறியள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி பேசினார்.

"நா தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவ சார். அங்க சொவரு தோட்டத்தோடது. அவங்களே வந்து வெள்ளையடிப்பாங்க. ஒரு கோடு இழுத்தா எங்கப்பாவ கூப்பிட்டு நிக்க வச்சு ஏசுவாங்க. இங்க வந்து நானே மண்ணு கொழச்சு, நானே கட்டின சொவரு இது. நீங்க வந்தீங்க. வெள்ளவெள்ளையா அடிச்சீங்க. தொடாதேன்னீங்க."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

"அதான் சார் பூசினேன்."

 விளங்காத சனம், கேளாத சனம் என்று அலுவலகத்தில் எத்தனை பேச்சு. நாங்கள் சொன்னது அவருக்கு நன்றாகவே விளங்கியிருக்கிறது.

நான் அவருக்கு முன்னால் நிலத்தில் குந்தினேன். ஓவசியர் தந்த வசனத்தை விட்டுவிட்டு என் வாயால் சொன்னேன். மலேரியா நுளம்பு ஆளைக் கடித்து வயிறு நிறைய இரத்தம் குடித்தால் அதனால் தூரம் பறக்க முடியாது. பக்கத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டு இளைப்பாறும். அந்தச் சுவரில் மருந்து இருந்தால் அது அங்கேயே செத்துவிடும், அடுத்த ஆளைக் கடிக்காது. மேலே மண் பூசினால் மருந்தில் அதன் கால் படாது. அது சுகமாக இருந்துவிட்டு எழும்பி வந்து அடுத்த ஆளைக் கடிக்கும்.

அவர் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சுரண்டிய சுவரைத் திரும்பிப் பார்த்தார். கமலா படுத்திருந்த மூலையைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா சார்?" என்றார். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

அன்று அவர் அடிக்க விட்ட பிறகுதான் பம்பை உள்ளே கொண்டுபோனேன். அடுத்த வருசம் பொங்கல் கழிந்த பிறகே அங்கே மருந்து அடிப்பது என்று சின்னராசா அண்ணை தானே மாற்றினார். அந்தக் குடியேற்றத்து மலைகள் வெளிச்சுவருக்கு வந்தன. லெட்சுமியக்கா மட்டும் உள்ளேயும் கீறவில்லை, வெளியேயும் கீறவில்லை. கேட்டுப் பார்த்தேன். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

பிள்ளைகளே, புது ஊருக்கு அனுப்பினால் முதல் நாள் பம்ப் கொண்டு போகாதீர்கள். ஒழுங்கை ஒழுங்கையாக நடவுங்கள். சனம் சுவரில் என்ன கீறி வைத்திருக்கிறது என்று நின்று பாருங்கள். பிறகு வாசலில் குந்தியிருந்து, ஏன் அடிக்கிறோம் என்று சொல்லி, அடிக்கலாமோ என்று கேளுங்கள். கவறேஜ் குறைந்தால் குறையட்டும். காரணம் சொல்லாமல் ஒரு வீட்டுச் சுவரிலும் கை வைக்காதீர்கள்.