மிளகுத் தோப்பில் கேட்ட சத்தமும் சுகுணாவின் சார்ஜரும்

சுகுணாவுக்கு முப்பத்தாறு வயது. கொல்லிமலையில் எடப்புளி நாடு என்கிற பகுதியில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடந்தால் வருகிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறாள். கணவன் சென்றாயனுக்கு இரண்டு ஏக்கர் மிளகும் கொஞ்சம் மரவள்ளியும் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஓசூரில் பேட்டரி செய்யும் ஒரு தொழிற்சாலையில் எட்டு வருடம், ஈயம் உருக்கி வயர் ஒட்டும் சால்டரிங் வேலை பார்த்தாள். அங்கே உடன் வேலை செய்த சதீஷ்குமார் ஞாயிற்றுக்கிழமைகளில் தெர்மாகோல் விமானம் பறக்கவிடுவார். முதல் தடவை அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்தபோது விமானம் நேராக முள்வேலியில் போய் விழுந்தது. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும்.

மலைக்கு வந்த பிறகும் அவள் அதை விடவில்லை. செம்மேட்டுக் கடைகளில் ஃபிரிட்ஜ் பெட்டியோடு வரும் தெர்மாகோலை வாங்கி வந்து இறக்கை வெட்டுவாள். சாமை அறுத்த காட்டில் நின்று பறக்கவிடுவாள். ஊர் முதலில் சிரித்தது, பிறகு பழகிக்கொண்டது.

அவளிடம் மூன்று பேட்டரிகள் இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு தீப்பெட்டியை அடுக்கிய அளவு. உள்ளே இரண்டு அறை. அவற்றோடு இலவசமாக வந்த கறுப்பு சார்ஜரைத்தான் பயன்படுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஏறுகிறது, பச்சை எரிந்தால் நிறைந்தது, அவ்வளவுதான். அது நல்ல சார்ஜர் இல்லை என்று எட்டு வருடம் அந்த வேலையில் இருந்தவளுக்குத் தெரியாமல் இல்லை. அடுத்த மிளகு விற்ற காசில் வேறு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டாள். மார்கழியில் ஒரு பேட்டரியை விரலால் அழுத்தியபோது பழுத்த பழம்போல லேசாக அமுங்கியது. அப்போதும் அதை விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டாள்.

தை பிறந்து சில நாள் கழித்து, ஒரு காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பேட்டரியோடு போன விமானம் திரும்பவில்லை. பள்ளத்திலிருந்து மஞ்சு, வெள்ளைப் பனிமூட்டம், ஏறி வந்து அதை மூடிக்கொண்டது. எங்கோ கிளை முறிகிற சத்தம் கேட்டது. சிறிது நேரத்தில் தோப்புக்குள்ளிருந்து அலாரம் கூவ ஆரம்பித்தது. பேட்டரி இறங்கிவிட்டால் கூவுவதற்கென்று விரல்நுனி அளவில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருந்தாள். மூன்று தடவை கூவும், நிற்கும், மறுபடி மூன்று தடவை கூவும். அன்று பூராவும் தேடினாள். மஞ்சு விலகவே இல்லை.

மறுநாளும் சத்தம் கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது.

இறங்கிய பேட்டரியில் அந்த அலாரம் கூடிப்போனால் ஒரு பகலும் ஒரு இரவும் கூவலாம். அதற்கு மேல் முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். ஐந்தாம் நாளும் கூவியது. ஒருநாள் பலாமரத்துப் பக்கம் கேட்டது, இன்னொரு நாள் ஓடைக்கு அந்தப்புறம். பட்டப்பகலில், வெள்ளையாக மூடிக்கிடக்கும் மஞ்சுக்குள் மூன்று தடவை கூவும், பிறகு ஒன்றும் கேட்காது. மிளகு பறிக்க வந்த பெண்கள் பயந்துபோய் ஏணியை மரத்திலேயே சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

எட்டாம் நாள் காலை சென்றாயன் காய்ச்சலில் படுத்திருந்தான். சுகுணா புதிதாகச் செய்த விமானத்துக்காக ஒரு பேட்டரியை, அவன் படுத்திருந்த அறையிலேயே, சார்ஜரில் மாட்டினாள். அப்போது வாசலில் அத்தாயி வந்து நின்றாள். மிளகு பறிக்கிறவர்களில் மூத்தவள். தோப்பை விட்டுப் போகாத ஒரே ஆளும் அவள்தான்.

"ஏங்கண்ணு, உன்ற ஏரோப்பிளேன் இன்னுமா கத்துது?"

"அது இருக்காதுங்கக்கா. பேட்டரி அன்னைக்கே தீந்திருக்கும்."

"அப்ப யாரு கத்துறது?"

சுகுணா தோப்புப் பக்கம் பார்த்தாள்.

"ஒருக்கா கூப்புட்டா பேயின்னு காதப் பொத்திக்கிட்டுப் போயிரலாம்" என்றாள் அத்தாயி. "இது மூணு தடவ கூப்புடுது. மூணு தடவ கூப்புடறது மனுசந்தான் கண்ணு. யாரோ பள்ளத்துல வுழுந்து கெடக்கறாங்க. போயிப் பாக்காம எனக்குச் சோறு எறங்காது."

இருவரும் போனார்கள். பத்து மணி இருக்கும். முன்னால் போகிற அத்தாயியின் சேலை நிறம் மட்டும் தெரிந்தது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. சத்தம் கேட்கும்போது நடப்பார்கள், நிற்கும்போது நிற்பார்கள். ஓரிடத்தில் அது அவர்களுக்குப் பின்னால் கேட்டது. அத்தாயி திரும்பவில்லை. சுகுணாவின் கையை இறுக்கிப் பிடித்து, "நீயும் திரும்பாத" என்றாள்.

தோப்பின் கடைசியில், பள்ளத்து விளிம்பில், ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் விமானம் கிடந்தது. இறக்கை பாதி இல்லை. மீதி உருகி, கறுத்து, மரத்தோடு ஒட்டியிருந்தது. மரத்தில் ஏறியிருந்த மிளகுக்கொடி ஓர் ஆள் உயரத்துக்குக் கருகியிருந்தது. தரையில் வட்டமாக எரிந்த சருகு. வட்டத்துக்கு வெளியே எல்லாம் ஈரம்.

"மஞ்சு அணைச்சிருக்குது" என்றாள் அத்தாயி மெதுவாக. "இல்லாட்டித் தோப்பே போயிருக்கும்."

பேட்டரி வெடித்த பூரிபோல வாய் பிளந்து கிடந்தது. அலாரப் பெட்டி உருகிச் சிவப்பு மணியாகியிருந்தது. சுகுணா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அப்போது அவள் தலைக்கு நேர் மேலே அலாரம் கூவியது. மூன்று தடவை.

அத்தாயிதான் நிமிர்ந்து பார்த்தாள். கிளையில் ஒரு கறுப்புக் கரிச்சான் உட்கார்ந்திருந்தது. வாலிலிருந்து இரண்டு நீளக் கம்பிகள்போல இறகு தொங்கியது, நுனியில் மட்டும் துடுப்பு.

"அடக் கருமமே, இதுவா! இது பூனையாட்டம் கத்தும், பருந்தாட்டம் கத்தும். கேட்டதெல்லாம் படிச்சுக்கும்" என்று அத்தாயி சிரிக்கப் போனாள்.

பறவை மறுபடி அலகைத் திறந்தது. மூன்று தடவை கூவியது. பிறகு நிறுத்தாமல் ஒரு நீண்ட சீறலை எழுப்பியது. குக்கரில் ஆவி கிளம்புகிற மாதிரி தொடங்கி, ஏறி ஏறி, கடைசியில் 'டப்' என்று முடிந்தது. தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்தது.

அந்தச் சீறலை சுகுணா ஓசூரில் சோதனை அறைக் கண்ணாடிக்கு அப்பால், ஒரு பேட்டரி வெடித்தபோது, ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறாள். அன்று அந்த மரத்தடியில் நடந்ததைப் பார்க்க வேறு யாரும் இருக்கவில்லை. பறவை இருந்திருக்கிறது. வாரம் முழுதும் அது அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தப் பேட்டரியும் வீட்டில் அந்தச் சார்ஜரில் ஏற்றியதுதான். இப்போது அதில் இன்னொன்று மாட்டியிருக்கிறது. பக்கத்தில் சென்றாயன் படுத்திருக்கிறான்.

"அக்கா, ஊட்டுக்கு!" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள். மஞ்சில் வழி தெரியவில்லை. கொடி காலைத் தடுக்கி இரண்டு இடத்தில் விழுந்தாள். பின்னால் தோப்புக்குள் அந்தச் சீறல் இன்னொருமுறை கேட்டது.

கதவைத் திறந்ததும் ஒரு வாசம். தித்திப்பாக, பழவாசம்போல.

"எங்கியோ பலாப்பழம் பழுத்திருக்குது புள்ள" என்றான் சென்றாயன் கண்ணைத் திறக்காமல். "ரொம்ப நேரமா வாசம் வருது."

தையில் ஏது பலாப்பழம்! சார்ஜரில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி தலையணைபோல உப்பி, அந்த வாசத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. அவள் பிளக்கைப் பிடுங்கினாள். அடுப்பு இடுக்கியால் பேட்டரியைக் கவ்வி, கையை நீட்டிப் பிடித்தபடி வெளியே போய், வாசலில் கொட்டியிருந்த மணல் குவியலில் போட்டாள். நாலடி பின்னால் வந்தாள். அது சீற ஆரம்பித்தது. மரத்தில் கேட்ட அதே சத்தம், அதே ஏற்றம். அது எங்கே முடியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. 'டப்' என்றதும் ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது.

சென்றாயன் போர்வையோடு வாசலில் வந்து நின்றான். மூச்சிரைக்க வந்து சேர்ந்த அத்தாயி, புகையைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது பேட்டரியை சுகுணா வெளியே எடுத்து வந்து மீட்டர் வைத்துப் பார்த்தாள். ஓர் அறையில் 3.96 வோல்ட். இன்னொன்றில் 4.43. கூட்டினால் 8.39. நிறைந்த கணக்கு 8.40, அதற்கு ஏறக்குறையச் சரி. அதையும் மணலிலேயே புதைத்தாள்.

சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி சதீஷ்குமாரை அழைத்தாள். "பச்சை லைட் கூட்டுத்தொகையத்தான்மா பார்க்கும்" என்றார் அவர். "ஒரு அறை பட்டினி, இன்னொண்ணுக்கு வயிறு வெடிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. ஒவ்வொரு அறையும் நாலு புள்ளி ரெண்டுல நிக்கணும். பேட்டரில சின்னதா ஒரு வெள்ளை பிளக் தொங்குதில்ல, அதையும் மாட்டிக்கிற சார்ஜர்தான் வாங்கணும்."

அவர் மூன்று படம் அனுப்பினார். முதலாவது சின்னது. வெள்ளை பிளக்குக்கு இடம் உண்டு, ஆனால் மூன்று விளக்கு மட்டும்தான். இனி விளக்கை நம்ப அவள் தயாராக இல்லை. இரண்டாவது பெரியது. வீட்டுக் கரண்டில் நேராக மாட்டலாம், அரை மணியில் ஏற்றிவிடும்.

"இதையே வாங்கு, வேகமா ஏறும்."

"வேகம் வேண்டாங்கண்ணா. எங்கூர்ல கரண்டு ஒரு நேரம் நூத்தறுபது வோல்ட்டு, ஒரு நேரம் எரநூத்தி எழுவது."

மூன்றாவது, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவது. வீட்டில் இருக்கிற இன்வெர்ட்டரின் பேட்டரியில் மாட்டிக்கொள்ளலாம். எந்த வகை பேட்டரி, எத்தனை அறை என்று முதலில் கேட்கும். தப்பாகச் சொன்னால் அதுவும் ஆபத்துதான். எவ்வளவு ஆம்பியர் ஏற்றுவது என்பதை நாமே வைக்கலாம். மேலே ஆயிரம் mAh என்று போட்ட பேட்டரிக்கு ஒரு ஆம்பியர், அதற்கு மேல் கூடாது. பறக்கவிடாத நாட்களில் பாதி அளவில் நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு அறையின் எண்ணையும் தனித்தனியாகத் திரையில் காட்டும். அவள் அதைத்தான் எடுத்தாள், கூடவே ஒரு புதுப் பேட்டரியும்.

பார்சல் செம்மேட்டுக்கு வந்து சேர்வதற்குள் சென்றாயனுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி, காட்டு ஓரமாக, செங்கலை அடுக்கி இடுப்பளவுக்கு ஒரு சின்ன அறை கட்டிக்கொடுத்தான். மேலே கூரை வைக்க வேண்டாம், வெடித்தால் தீ மேலே போக வழி வேண்டும், தகரம் மட்டும் சாய்த்தால் போதும் என்று சுகுணா சொன்னாள்.

புதுப் பேட்டரியை முதல்முறை மாட்டிய அன்று முற்பகலில் மஞ்சு இல்லை. திரையில் இரண்டு எண்கள் மெல்ல ஏறின. ஒன்று முந்தினால் மற்றது வந்து சேரும்வரை அது காத்திருந்தது. சென்றாயன் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "உள்ள வாயேன், அதுபாட்டுக்கு ஏறட்டும்" என்றான்.

"நீங்க போங்க. நான் வாரேன்."

ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவள் அந்தச் செங்கல் சுவருக்கு அருகில் கல்லில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு எண்ணும் 4.20 ஆனதும் வயரைக் கழற்றினாள். பேட்டரியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சில்லென்று இருந்தது.