உறையோடு ஒரு ரிவால்வர்

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டு முழுக்கத் துப்பாக்கிகள்தான். பயப்பட வேண்டாம், எல்லாம் தீபாவளிக்குக் கேப் வெடிக்கிற பொம்மைத் துப்பாக்கிகள். இரும்பில் வார்த்த பழைய ரிவால்வர்கள், தகரத்தில் அடித்தவை, பிடி உடைந்தவை எல்லாவற்றையும் அலைந்து திரிந்து சேர்த்திருக்கிறேன். தலை நரைத்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்பவர்களிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. என் மனைவியும் அதையேதான் கேட்கிறாள். அவளிடம் பேசாமல் இருந்தால் சோறு கிடைக்காது.

வாலாஜாபேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் என் பள்ளித் தோழன் போன தீபாவளி முடிந்த கையோடு போன் செய்தான். வளையக் கேப் போடுகிற ரிவால்வர் ஒன்று, அட்டைப் பெட்டி கூடக் கிழியாமல் வந்திருக்கிறதாம். ராணிப்பேட்டையிலிருந்து பைக்கில் பறந்தேன். அதேதான். ஆம்பூர் கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்து என் சின்ன வயதுத் தூக்கத்தைக் கெடுத்த அதே ரகம். விசையை இழுத்தால் உருளை தானாகச் சுற்றும். அன்று அப்பா அதன் விலையைக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்கு என்னை இழுத்துப் போய்ச் சுருள் கேப் போடுகிற கறுப்பு ரிவால்வரை வாங்கிக் கொடுத்தார். வீடு வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன்.

இப்போது அந்தக் கறுப்பு ரிவால்வரைத்தான் தோழன் பதிலுக்குக் கேட்டான்.

"காசு வாணாம் தோஸ்த். உன்கிட்ட தோல் உறையோட ஒண்ணு இருக்குதே, அதைக் குடு. உறை இல்லாம வாணாம்."

அவன் கெட்டிக்காரன். அந்த மாதிரி ரிவால்வர் எங்கேயும் கிடைக்கும், அந்த உறை கிடைக்காது. அப்போது என் அக்கா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்ஷனில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். சூப்பர்வைசரைக் கேட்டு, கழித்துப்போட்ட தோல் துண்டுகளை வாங்கிவந்து, அந்தத் தீபாவளிக்குப் பெல்ட்டோடு சேர்த்து உறை தைத்தாள். தோலைத் தண்ணீரில் நனைத்து, ரிவால்வரை உள்ளே வைத்துக் கட்டிக் காயவிட்டாள். காய்ந்ததும் தோல் அதன் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் வேறெந்தத் துப்பாக்கியும் அதில் நுழையாது.

அதைக் கட்டிக்கொண்டு நான் தெருவில் போட்ட ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கேப் வெடிக்க வெடிக்கச் சிவப்புக் காகிதம் நாக்கு மாதிரி மேலே நீண்டுகொண்டே வரும். காலையில் எங்கள் தெருவில் எப்போதும் இருக்கும் தோல் வாடையை அன்று ஒருநாள் மருந்து வாசனை ஜெயித்துவிடும். அந்தக் காலை திரும்பக் கிடைக்குமென்றால் அலமாரி மொத்தத்தையும் கொடுத்துவிடுவேன்.

உறையில் ஒரே ஒரு குறை. அது இடது இடுப்பில் தொங்கியது; வலப்பக்கம் தள்ளிக் கட்டினால் பிடி முன்னால் திரும்பிக்கொள்ளும். வலது கையை வயிற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய் மணிக்கட்டை முறுக்கினால்தான் துப்பாக்கி வெளியே வரும். அதற்குள் எதிரி என்னை ரெண்டு தடவை சுட்டிருப்பான். பெல்ட்டும் தொளதொளவென்று முழங்காலுக்கு இறங்கும். வளர்ற புள்ளைக்குப் பெரிசாத்தான் தைக்கணும் என்று அம்மா சொன்னாள். கம்பெனிக்கே ஷூ தைக்கிறவள் எனக்குப் பக்கம் மாற்றித் தைத்துவிட்டாள் என்று அக்காவை நான் கிண்டல் செய்வேன். அவள் கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தேன்.

கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் பேஜாரானேன். உருளை சுற்றுவது கண்ணுக்குள்ளேயே நின்றது. மாற்றிக்கொள்ளுங்கள், எண்ணிக்கையாவது ஏறாமல் இருக்கும் என்றாள் மனைவி. கடைசியில், தைத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் மனசு உறுத்தாது என்று உறையோடு ரிவால்வரையும் ஒரு சுருள் கேப்பையும் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூருக்கு பஸ் ஏறினேன்.

அக்கா இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும், "இதுக்கா பஸ் ஏறி வந்த? குடுத்துட்டுப் போடா," என்றாள். சொல்லிக்கொண்டே உறையை வாங்கித் தையலைத் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவைக்கு மேல் பெல்ட்டைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் ஓட்டையில் மாட்டினாள். இடது கை இறங்கியது. துப்பாக்கி வழுக்கிக்கொண்டு வெளியே வந்து காலண்டரைப் பார்த்து நின்றது. மணிக்கட்டு மடங்கவே இல்லை.

சோறும் எழுத்தும் மட்டும்தான் அம்மாவின் அடிக்குப் பயந்து வலது கைக்குப் போனவை. மற்ற எல்லாவற்றுக்கும் அக்காவுக்கு இடது கைதான். இது எனக்குத் தெரியாததா என்ன?

"நான் ஒண்ணும் பக்கம் மாத்தித் தைக்கலடா," என்றாள். "எனக்குத்தான் தச்சேன். கட்டிப் பாத்துனு இருந்தப்ப அம்மா வந்துட்டாங்க. வேலைக்குப் போற பொண்ணுக்கு இன்னாடி இதுன்னாங்க. தம்பிக்குத்தாம்மான்னு சொல்லி அவுத்துட்டேன்."

பையிலிருந்து கேப்பை எடுத்து நீட்டினேன். காலண்டரை நோக்கிச் சுருள் தீரும்வரை வெடித்தாள். வீடு முழுக்கத் தீபாவளி வாசனை.

அந்த நேரம் பார்த்துத் தோழன் போன் செய்தான். என்ன முடிவு செய்தாய் என்றான்.

"அது என்னுது இல்லப்பா. எங்க அக்காவோடது."

"அப்ப அவங்களையே ஒரு வார்த்தை கேளேன்," என்றான்.

எட்டிப் பார்த்தேன். அக்கா பெல்ட்டை அவிழ்க்காமலேயே அடுப்படியில் எனக்கு டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.