பக்கத்து வீட்டுச் சூளை

பியர்பொன்ட்ஸ் புறநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரி ஜப்பானில் பிறந்த குயவர். அறுபதைத் தாண்டியவர், தனியாள். கராஜையே பட்டறையாக்கி, மூலையில் எரிவாயுச் சூளை வைத்திருக்கிறார். மண் கல்லாக இறுகும்வரை எரியும் சூளை அது. போன மாசியில் எனக்கென்று ஒரு பூச்சாடி வனைந்தார். சுடுகிற அன்று வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்.

அன்று மதியம் பனி கொட்டி ஓய்ந்திருந்தது. கராஜின் பக்கக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. சூளை இரைவது மட்டும் கேட்டது. கதவுக் கண்ணாடியால் எட்டிப் பார்த்தேன். சீமெந்துத் தரையில் அவர் ஒருக்களித்துக் கிடந்தார்.

எங்கள் வீட்டு முன்னால் பனி தள்ளிக்கொண்டிருந்த என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, அவசர சேவையை அழைத்தார். என் கை கதவுப்பிடியில் இருந்தது.

"உள்ளுக்குப் போகாதையும்," என்றார். "அது சூளை விடுற மணக்காத நச்சு வாயு. உம்மையும் விழுத்திப்போடும்."

அவர் முகவரி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கிடந்தவரின் ஏப்ரனைப் பிடித்து இழுத்தேன். வாசலில் கணவரும் கைகொடுக்க, பனியில் கிடத்தினோம்.

அந்தக் குளிரில் எங்கள் இருவர் வாயிலிருந்தும் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. அவர் வாயிலிருந்து வரவில்லை. குனிந்து பார்த்தபடியே இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. பிறகு மெல்லியதாக ஒன்று வந்தது.

கூரையிலிருந்து சரிந்த பனி புகைக்குழாயை அடைத்திருந்ததாகத் தீயணைப்புக்காரர்கள் சொன்னார்கள். எரிவாயு வால்வை அவர்களே பூட்டினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் குயவர் சாடியைக் காட்டினார். பாதியில் நின்ற சூட்டில் பூச்சு உருகாமல் சுண்ணாம்புபோல் வெளிறியிருந்தது. தண்ணீர் கசியும், திரும்பச் சுட வேண்டும் என்றார். இப்படியே போதும் என்றேன். அந்தச் சூளை இனி எரியவே கூடாதென்று இருந்தது எனக்கு. அவருக்கு அது விளங்கிவிட்டது.

"எனக்கும் பயம்தான்," என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த பிரெஞ்சில். "அதனால்தான் நாளைக்கே மூட்டுகிறேன். நாளானால் பிறகு மூட்டமாட்டேன்."

மறுநாள் புகைக்குழாயைக் கம்பியால் குத்தித் துப்புரவாக்கி, வாயு வந்தால் அலறும் கருவியொன்றைச் சுவரில் மாட்டி, கதவை அகலத் திறந்துவைத்து மூட்டினார். நான் எங்கள் குசினி யன்னலை விட்டு அசையவில்லை. அவர் சூளைக்குப் பின்னால் போய் மறையும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். கடைசியில் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன்.

கவிழ்த்த வாளியொன்றைக் காலால் என் பக்கம் தள்ளினார். சூளை அணையும்வரை, பாதம் விறைக்க, அதில் உட்கார்ந்திருந்தேன்.