நான் கழற்றிய மூடி

இது நடந்தது 2001ஆம் ஆண்டு, வவுனியாவில், பங்குனி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு பின்னேரம். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. யுத்தத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரங்களைப் பதிந்து, பிரிந்துபோன சொந்தங்களைத் தேடிக் கொடுக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். வாடகை வீடொன்றின் முன் விறாந்தை, மூன்று மேசை, மூன்று கணினி, ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் என் பக்கம் திரும்பாது.

மூன்றே பேர்தான் நாங்கள். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரே அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். அடுத்தவர் முன்பு கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். அதனால் எங்களுக்கு அவர் மனேஜர் ஐயா. மூன்றாவது ஆள் நான். கொஞ்சம் பெருமை அடிக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தர்மபுரத்துப் பிள்ளை. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் என்பதே கிடையாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துத்தான் வானொலி கேட்போம். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. வானொலி திடீரென்று ஊமையானால் வயரை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போய், அறுந்த இடத்தைக் கண்டுபிடித்து முறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவேன். பிற்பாடு வவுனியாவுக்கு வந்து ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போனேன். ஆனால் என் கைக்கு முதல் படிப்பு அந்த டைனமோ வயர்தான்.

எங்கள் மூன்று கணினிகளையும் ஒரே ஒரு கறுப்பு வயர் இணைத்திருந்தது. என்னுடையதில் தொடங்கி, ரீச்சருடையதற்குப் போய், மனேஜர் ஐயாவுடையதில் முடியும். பெயர்ப் பதிவேடு முழுவதும் என் கணினியில் இருந்தது. மற்ற இருவரும் அந்த வயர் வழியாக அதைத் திறந்து பார்ப்பார்கள். கொழும்பிலிருந்து வந்து இதைப் பூட்டிக் கொடுத்தவர் இனி அடுத்த மாதம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாளே எல்லாம் நின்றுவிட்டது.

நான் என் பழைய வழக்கப்படி வயரைத் தடவிக்கொண்டு போனேன். வயரில் ஒரு குறையும் இல்லை. கடைசியில் மனேஜர் ஐயாவின் மேசைக்குப் பின்னால் பார்த்தால், வயரின் நுனி மொட்டையாக இருந்தது. அதில் விரல் நுனியளவு ஒரு உலோக மூடி இருக்க வேண்டும். ஐயாவிடம் கேட்டேன். அவர் சாவதானமாக மேசை லாச்சியைத் திறந்து, குண்டூசி டப்பாவுக்குள்ளிருந்து அதை எடுத்துத் தந்தார்.

"சும்மா தொங்கிக்கொண்டு கிடந்துது பிள்ளை. வீணாத் துலைஞ்சு போடும் எண்டு எடுத்து வைச்சனான்."

சங்கக்கடையில் ஒரு ஆணியைக்கூட வீணாக்காத மனிதர் அவர். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த மூடி என்ன செய்கிறது என்று எனக்கும் அன்றைக்குத்தான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்தது. வாய்க்காலில் வரும் தண்ணீரைக் கடைசி வயல் குடித்து முடிப்பதுபோல, வயரில் ஓடிவரும் செய்தியை அந்த மூடி குடித்து முடிக்கிறது. அது இல்லாவிட்டால் செய்தி நுனியில் முட்டித் திரும்பி வந்து, பின்னால் வருவதோடு மோதி, எல்லாவற்றையும் குழப்பிவிடும். இரண்டு நுனியிலும் ஒவ்வொரு மூடி இருக்கும், ஒன்று கழன்றாலும் மூன்று கணினியும் ஒன்றோடொன்று பேசாது. மூடியைப் பூட்டினேன், எல்லாம் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து ரீச்சர் வருகிறவர்களிடம் எல்லாம் என்னை "எங்கடை இஞ்சினியர்" என்று அறிமுகப்படுத்தினார். கேலிதான். ஆனாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் தை மாதத்தில் ஒரு பெண் இரண்டு பெண்பிள்ளைகளோடு பதிய வந்தார். பூநகரிப் பக்கம். இடம்பெயர்ந்த நேரத்தில் பிரிந்துபோன தன் தங்கையைத் தேடுகிறார். விபரமெல்லாம் சொல்லி முடித்த பிறகு, எழும்பாமல் அப்படியே இருந்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, நான் இருக்கிற இடம் என்ரை சகோதரிக்கு மட்டும்தான். வேற ஆர் வந்து கேட்டாலும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். மணிக்கட்டில் ஆறியும் ஆறாத ஒரு காயம் இருந்தது. நான் காரணம் கேட்கவில்லை. பதிவின் அடியில் குறிப்பு என்ற இடத்தில், இருப்பிடத்தைத் தங்கை தவிர வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று அடித்து வைத்தேன். நாளுக்கு முப்பது, நாற்பது பேர் வருகிற இடம். இரண்டு மாதத்தில் அந்தக் குறிப்பை அடியோடு மறந்துபோனேன்.

பங்குனியில் அந்தப் பின்னேரம் ஒரு மனிதர் வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டு, படிய வாரிய தலை, ஒரு பக்கப் புருவத்தை இரண்டாகப் பிளந்த பழைய தழும்பு. ரீச்சர் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கூட்டமென்று போயிருந்தார். எங்கள் ஆட்களுக்கு ஒருவரைக் கண்டால் முதலில் வருகிற கேள்வி என்னவென்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊர் பிள்ளை, ஆரின்ரை மகள் என்று கேட்டார். சொன்னேன். தர்மபுரத்தில் தனக்குத் தெரிந்த இரண்டு குடும்பத்தைச் சொன்னார். ஒன்று எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். ஐந்து நிமிடத்தில் அவர் என் பெரியப்பா மாதிரி ஆகிவிட்டார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

"என்ரை மச்சாள் ஒருத்தியைத் தேடுறன் பிள்ளை. தாய் சாகக் கிடக்கிறா. கண் மூடுறதுக்குள்ள பிள்ளையின்ரை முகத்தைப் பாக்கவேணும் எண்டு அழுகிறா."

பெயரைச் சொன்னார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"ஓம், ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோட வந்தவா, ஞாபகம் இருக்கு!"

இதை எழுதும்போதுகூட எனக்கு முகம் சுடுகிறது. ஆனால் அன்றைக்கு அது எனக்குப் பிழையாகவே தெரியவில்லை. ஆளைத் தேடி வந்தவருக்கு வழி சொல்வது எங்கள் பக்கத்தில் மரியாதை. சொல்லாமல் விடுவதுதான் குற்றம். சந்தோஷமாகப் பதிவைத் திறந்தேன். அடியில் நானே அடித்த அந்த வரி கிடந்தது. மணிக்கட்டுக் காயம் கண்முன் வந்தது.

என் மேசைக்குப் பக்கத்திலிருந்த கதிரையில் விண்ணப்பக் கட்டுகள் குவிந்திருந்ததால் அவர் எனக்கு எதிரே நின்றார். திரையை அவர் பார்க்கவில்லை. அது என் அதிர்ஷ்டம். "ஐயோ, இது வேற ஆள் ஐயா, பேர்தான் ஒண்டு. நீங்கள் சொல்லுறவா எங்களிட்டைப் பதியேல்லை" என்றேன். பொய் சொல்லிப் பழகாத குரல். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். சிரிப்பு மாறவில்லை. "பரவாயில்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு நேரே மனேஜர் ஐயாவின் மேசைக்குப் போனார்.

அங்கே மறுபடி எந்த ஊர், ஆரின்ரை ஆள் எல்லாம் நடந்தது. மனேஜர் ஐயா வந்தவரை எதிரே நிறுத்தி வைத்துப் பேசுகிற மனிதரா? கதிரையை இழுத்துத் தன் பக்கத்திலேயே போட்டு இருத்தினார். தாய் சாகக் கிடக்கிறார் என்றதும் ஐயாவுக்குக் கண் கலங்கியே விட்டது. "பேரைச் சொல்லுங்கோ, இதுக்குள்ள எல்லாரும் இருக்கினம்" என்று பதிவேட்டைத் திறந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் திரையை மூடி என்ன பயன்? என்னிடம் இருப்பதெல்லாம் ஐயாவின் மேசையிலும் இருக்கிறது. அந்த வயரைப் பூட்டி, ஓட வைத்து, பெருமைப்பட்டதும் நானேதான். பெயரை அடித்துத் தேடினால் இருப்பிடம் முதலில் வரும், என் குறிப்பு கடைசியில்தான் வரும். ஐயா குறிப்பை வாசிப்பதற்குள் பக்கத்தில் இருப்பவர் இடத்தை வாசித்துவிடுவார். சொல்லாதேங்கோ என்று நான் கத்தினால், அந்தப் பெண் எங்களிடம் இருக்கிறார் என்பதை நானே உறுதி செய்து கொடுத்ததாகிவிடும். என் கணினியை நிறுத்தலாமென்றால் அந்த மனிதர் இடைக்கிடை திரும்பி என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயா இரண்டு விரலால் எழுத்தெழுத்தாக அடிக்கிறவர். அந்த இரண்டு விரலுக்கும் நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பேனாவைத் தட்டி விழுத்தினேன். எடுக்கக் குனிவதுபோல மேசைக்கு அடியில் போனேன். என் பக்க நுனியில் இருந்த மூடியைத் திருகி இழுத்தேன். கழன்று கைக்குள் வந்தது. பேனாவோடு எழும்பி, மூடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு இருந்தேன்.

ஐயாவின் திரையில் மணல் கடிகாரம் வந்து நின்றது. அவர் தட்டினார். மறுபடி தட்டினார். கணினியின் தலையிலும் ஒரு தட்டு விழுந்தது. பிறகு எழும்பித் தன் மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, பதறிப்போய் என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"பிள்ளை, சத்தியமா நான் இண்டைக்கு அந்த மூடியைத் தொடேல்லை!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. லைன் போய்விட்டது, இன்றைக்கு ஒன்றும் பார்க்க முடியாது என்று எவ்வளவு சாதாரணமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன். அந்த மனிதர் எழும்பினார். நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் வைத்து என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ரீச்சர் வந்ததும் எனக்கு நல்ல பேச்சு விழுந்தது. லைன் இடையில் அறுந்ததில், மத்தியானத்திலிருந்து ஐயா அடித்திருந்த பதிவுகள் அத்தனையும் அழிந்துபோயிருந்தன. நான் உள்ளங்கையைத் திறந்து மூடியைக் காட்டி, திரையில் இருந்த குறிப்பையும் காட்டி, புருவத் தழும்போடு வந்தவரைப் பற்றிச் சொன்னேன். ரீச்சர் வாசித்தார். குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இருக்கும் இடத்துக்கு அப்படியே பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் காலையில் அவர் சொன்ன செய்தி இதுதான். புருவத் தழும்பைச் சொன்னதுமே அந்தப் பெண் பிள்ளைகள் இருவரையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாராம். வந்தது மச்சானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, புருஷன். கையை வெட்டியவன். சாகக் கிடக்கும் தாய் செத்து ஆறு வருடமாம்.

அவன் சொன்னபடியே வந்தான். ரீச்சர் அவனுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுத்தார். "இடம் சொல்லுறது எங்கடை வேலை இல்லை. நீங்கள் கடிதம் எழுதித் தாங்கோ. ஆள் எங்கடை பதிவிலை இருந்தால் கையிலை சேர்ப்பம். பதில் போடுறதும் விடுறதும் அவையின்ரை விருப்பம்" என்றார். தாய் சாகக் கிடக்கிறா என்று வந்தவன் நாலு வரி எழுத மாட்டானா? அவன் பேனாவை மேசையில் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகு வரவில்லை. ரீச்சர் அந்த நிமிடத்தில் வாய்க்கு வந்தபடி சொன்னது அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தின் சட்டமாகிவிட்டது.

அதோடு நிற்காமல், ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்க வேண்டும், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்றும் ரீச்சர் உத்தரவு போட்டார். அன்று மாலைக்குள் மூன்று கணினியையும் நான் திறந்து காட்டினேன். மூன்று பேரும் அவரவர் சொந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருந்தோம், நான் உட்பட. கண்டவரெல்லாம் கேட்க, நாங்களும் முந்திக்கொண்டு சொல்கிற ஒன்றையே சாவியாக வைத்திருக்கிறோம்! ஊரைப் பிரிந்திருந்த எங்களுக்கு மனதில் வேறு எந்தச் சொல்லும் வரவில்லை என்பதுதான் உண்மை. மனேஜர் ஐயாவுக்கு அதை மாற்ற மனமே இல்லை. ஒரு கிழமை, ஏழு நாளும், கெஞ்ச வேண்டியிருந்தது.

ஆவணி மாதம் அந்தப் பெண்ணின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. துணுக்காயிலிருந்து தங்கை எழுதியது. வந்து வாங்கிக்கொண்டவர், உறையைப் பிரிக்க முன்னம் என்னிடம் நேராகக் கேட்டார்.

"தங்கச்சி, என்ரை இடத்தை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் வரவில்லை. இடத்தைச் சொல்லவில்லை அக்கா, ஆனால் இரண்டு பிள்ளைகளோடு வந்தீர்கள் என்பதை வாய்தவறி அவனிடம் சொன்னவள் நான்தான் என்று ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து, "எண்டாலும் அந்த மூடியைக் கழட்டினதும் நீங்கள்தானே, ரீச்சர் சொன்னவா" என்றார். அங்கேயே இருந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். கூட வந்திருந்த சின்ன மகள், சித்தி என்ன எழுதியிருக்கிறா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் எவ்வளவோ படித்துவிட்டேன். மூன்று கணினி என்ன, நூற்றுக்கணக்கான கணினிகளை இணைத்து, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டுக் காக்கிற வேலைதான் இன்றைக்கு என் தொழில். சுவரில் சான்றிதழ்கள் தொங்குகின்றன. ஆனால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல என்னிடம் இருப்பது, நானே ஓட வைத்ததை நானே நிறுத்திய அந்த ஒரு பின்னேரம்தான். இப்போதும் யாராவது எந்த ஊர் பிள்ளை என்று கேட்டால் தர்மபுரம் என்று வாய் நிறையச் சொல்வேன், ஆனால் இன்னொருவர் இருக்கும் இடம் என் வாயால் கொடுப்பதற்கு என்னுடையதல்ல என்று அந்தச் சின்ன மூடி இன்றும் என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டே இருக்கிறது.