மகிழங்கன்றுக்கு ஏற்றிய உப்புத் தண்ணீர்

என் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றது பங்குனியில், தவக்காலத்தின் நடுவில். வழக்கமாகச் சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பும் வார்டு நர்சுகள், அவளுக்கு இரண்டு மகிழங்கன்றுகளைக் கொடுத்தார்கள். ஆம்பூரில் மரம் நடுவதற்கு அதைவிட மோசமான காலம் கிடையாது. மழை வரும்வரை பையிலேயே இருக்கட்டும் என்றேன். வேர்கள் பையைக் கிழித்து வெளியே வந்துவிட்டதைக் காட்டினாள்.

"அந்தப் பொண்ணுங்க நம்பிக் குடுத்திருக்காங்க. என் கையில இதுங்க சாவக் கூடாதுங்க."

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, வெயில் இறங்கிய பிறகு, வாசலின் இரு பக்கமும் நட்டோம். கன்றுகளைச் சுற்றிக் காய்ந்த சருகு பரப்பி, மேற்கே சாக்குத் துணி கட்டினோம். அதற்குப் பிறகு வந்தது அவளுடைய சொந்த வைத்தியம். மருந்துக் கடையில் புது டிரிப் செட் இரண்டு வாங்கி, கழியில் கட்டிய பிளாஸ்டிக் கேன்களில் மாட்டி, வேரருகே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி வைத்தாள். குழாயிலிருந்த குட்டிச் சக்கரத்தைத் திருகி, சொட்டு விழும் வேகத்தைக் கைக்கடிகாரம் பார்த்துச் சரிசெய்தாள்.

பக்கத்து வீட்டு பாபி மாடியிலிருந்து கத்தினார். "இன்னா சிஸ்டர், பேஷண்ட் எப்டி கீறாரு?"

"ஐசியூல இருக்காரு பாபி. விசிட்டர்ஸ் கூட்டம் போடக் கூடாது."

தண்ணீர்தான் யோசனையாக இருந்தது. எங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. நகராட்சிக் குழாயில் காவிரித் தண்ணீர் வருவதும் தினமும் இல்லை. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம் குடிதண்ணீரைப் பிரித்தபின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீர் மட்டும் டிரம் நிறைய இருந்தது. எங்கள் தெருவில் அதை யாரும் சாக்கடையில் விடமாட்டார்கள். செடிக்கு ஊற்றுவார்கள், அல்லது வாசல் கழுவுவார்கள். கேன்களை அதிலிருந்துதான் நிரப்பினோம்.

கத்திரி வெயில் தொடங்கியது. இலைகளின் ஓரம் தீக்குச்சி காட்டியதுபோலக் கருகியது. வெயில்தான் என்று நினைத்து அவள் சொட்டைக் கூட்டினாள். கருகல் நடுநரம்புவரை போனது. இடப்பக்கக் கன்று எல்லா இலைகளையும் உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது.

"பசி போலக்குது. புண்ணாக்கு கரைச்சு ஊத்திப் பாக்கறேன்" என்றாள்.

"கறி கழுவுன தண்ணி ஊத்து சிஸ்டர், ஜாஸ்தி சத்து" என்றார் பாபி.

ஊறவைத்த கடலைப் புண்ணாக்கோடு உட்கார்ந்து, குழி பறிக்கச் சருகை விலக்கினாள். சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி மண்ணின்மேல் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்திருந்தது. தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் ஊரில் அந்த வெள்ளையைச் சிறு குழந்தைக்குக்கூடத் தெரியும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு" என்றாள். "நல்ல தண்ணிய நாம குடிச்சுட்டு, அதுல இருந்த உப்பையெல்லாம் இதுங்களுக்கு ஏத்தியிருக்கோம்."

புண்ணாக்கை மூடி ஓரமாக வைத்தாள். கிட்னி போன நோயாளிக்கு யாராவது பிரியாணி கொடுப்பார்களா என்று என்னைக் கேட்டாள், நான்தான் கொடுக்கப் போனதுபோல.

அன்றிலிருந்து காவிரித் தண்ணீர் முழுவதும் கன்றுகளுக்குப் போனது. நாங்கள் போர் தண்ணீரில் குளித்துப் பிசுபிசுத்தோம். வேரைச் சுற்றிய உப்பு கீழே இறங்கும்வரை விடியற்காலையில் மெதுவாக ஊற்றினாள். பாபி தன் வீட்டு ஏசியிலிருந்து வடியும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து அனுப்பினார். "பேஜாரா கீது சிஸ்டர், உன் மரத்துக்காக நான் பகல்லகூட ஏசி போட்னு கீறேன். கரண்ட் பில்லு வந்தா உங்க வீட்டுக்காருகிட்டத்தான் குடுப்பேன்."

குச்சியாக நின்றதைப் பிடுங்கிவிடலாம் என்று நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவள் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள். உள்ளே ஈரப் பச்சை.

"நாடி இருக்கு" என்றாள்.

கத்திரியின் கடைசி வாரம். காக்கைகள் அலகைத் திறந்தபடி மதில் நிழலில் உட்கார்ந்திருந்தன. மரங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். தளிர் எப்படி விடுகிறது என்று யாராவது கேட்டால் விளக்கவும் முடியும். ஆனால் அன்று காலை அந்த மொட்டைக் குச்சியின் நுனியில் துரு நிறத்தில் ஒரு மொக்கு நீண்டிருந்ததைப் பார்த்தபோது, படித்தது எதுவும் உதவிக்கு வரவில்லை. ஒரு துளி மழை இல்லை. தரையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. நாங்கள் ஊற்றிய உப்பு இன்னும் மண்ணில் கொஞ்சம் இருந்திருக்கும். இலைகள் மிச்சமிருந்த மற்ற கன்று சும்மா இருக்க, எல்லாவற்றையும் இழந்தது முதலில் துளிர்த்திருந்தது. யாரைக் கேட்டு, எதை நம்பி? நான் வேட்டியைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அந்தச் சுடு தரையில் முழங்காலிட்டு அதைப் பார்த்தேன். கோயிலுக்கு வெளியே நான் முழங்காலிட்டதாக நினைவில்லை.

பெந்தெகொஸ்தே ஞாயிறன்று மொக்கு பிரிந்து வெளிர் பச்சையாக இலைகள் விரிந்திருந்தன. கோயிலில் முதல் மணி அடித்துவிட்டது. அவள் பட்டுப்புடவையோடு குனிந்து, தெளிந்த புண்ணாக்குத் தண்ணீரை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கவைத்து, ஒரு டம்ளர் மட்டும் வேரிலிருந்து தள்ளி ஊற்றினாள்.

"டிஸ்சார்ஜா சிஸ்டர்?" என்றார் பாபி, மாடியிலிருந்து.

"அவசரப்படாத பாபி. இப்பதான் கஞ்சி குடுத்திருக்கேன்."