பழுப்பு வானம்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். நிலக்காட்சி வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, ஞாயிறுதோறும் பஸ் பிடித்து வேலூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். மாடியறையில் வகுப்பு நடத்திய ஆசிரியர் தூரிகையைத் தொட்டதைவிடத் தாடியைத் தடவியதே அதிகம். ஐரோப்பாவின் பழைய ஆயில் பெயின்டிங் ஒன்றைப் பார்த்து அப்படியே வரைவதுதான் பாடம். ஓர் ஆறு, கரையில் மாடுகள், தூரத்தில் மரங்கள், மேலே பெரிய வானம். ஆளுக்கொரு பிரின்ட் கொடுத்தார். அதில் வானம் பழுப்பாக இருந்தது. அது அந்தப் பழைய ஓவியரின் சோகம் என்றார் ஆசிரியர். நாங்களும் பல வாரங்கள் அந்தச் சோகத்தைக் குழைத்துப் பூசினோம்.

எனக்கு ஒன்று இடித்தது. மாடுகளின் நிழல் உச்சிவெயிலில் விழுவதுபோல் காலடியிலேயே கிடந்தது. வானம் மட்டும் ஏன் புழுதியாக இருக்கிறது? போனில் தேடினேன். மியூசியம் போட்டிருந்த படத்தில் வானம் நல்ல நீலம். பிரின்ட் எடுத்த கடையில் நீல மை தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

போனை ஆசிரியரிடம் நீட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"போன்ல கலர் ஜாஸ்தியா காட்டும்மா. பிரின்ட்டுதான் கரெக்ட்."

நான் மட்டும் வானத்தை மாற்றினேன். மேலே அடர்நீலம், இறங்க இறங்க வெளுப்பு. தூரத்து மரங்களிலும் அந்த நீலத்தைக் கொஞ்சம் கலந்ததும் அவை சட்டென்று பின்னால் போய் நின்றன. படத்தில் தூரம் எப்படி வருகிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவர் சொல்லித்தந்ததில் உருப்படியாக எதுவும் நினைவில்லை.

வகுப்பின் முடிவில் எங்கள் படங்களை வைத்து நடத்திய கண்காட்சியில் என் படத்தைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார். தலைமை தாங்க வந்தவர் ஒரு தோல் முதலாளி. தோலில் நிறத்தின் ஷேட் லேசாக மாறினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவர், வரிசையாகத் தொங்கிய பழுப்பு வானங்களின் முன் நின்று தலையாட்டினார்.

என்னோடு அந்த வகுப்பில் படித்த பேங்க் மேனேஜரம்மா காதருகே வந்தார். "உன்னுதுதாம்மா சரி. நானும் அப்பவே போன்ல பாத்துட்டேன். சார் பேஜாராயிடுவார்னுதான் சொல்லலை."

தெரியாமல் பூசியவர்களையாவது விட்டுவிடலாம். இந்த அம்மா தெரிந்தே பூசியிருக்கிறார். அவருக்குப் பதில் சொல்லப் பிடிக்காமல், போய் என் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். விழா முடியட்டுமே என்றார் ஆசிரியர்.

"எனக்கு முடிஞ்சிடுச்சி சார்," என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலங்காயம் பக்கம் போய் மலையைப் பார்த்து வரைகிறேன். மோசமாகத்தான் வருகிறது. ஆனால் அதற்குச் சோகம் என்று பெயர் வைப்பதில்லை.